இருபது மூட்டைச் சோழி

“ஆப்பிரிக்கப் பெண்ணிய எழுத்தாளர்களில் ஒருவரையாவது முழுமையாகப் படிக்க விரும்புகிறேன். புச்சி எமெச்செட்டாவின் பெயரைச் சொன்னார்கள். ஆனால் பெண்ணியவாதி என்ற பெயரை அவரே அரைமனத்துடன்தான் ஏற்றுக்கொண்டார் என்றும் படித்தேன். அவர் யார், என்ன எழுதினார், எதிலிருந்து தொடங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறேன். எமெச்செட்டாவின் மிகச் சிறந்த நாவலில் வரும் நாயகியின் பெயர் நு எகோ. நைஜீரியாவின் இக்போ மொழியில் அதற்கு இருபது மூட்டைச் சோழி என்று பொருள். நம் வீடுகளில் பல்லாங்குழிக்கும் தாய விளையாட்டுக்கும் எடுத்து வைத்திருக்கிறோமே, அதே சோழிதான். மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழிகளை ஐரோப்பிய வணிகர்கள் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது காசாகப் புழங்கியது. மனிதர்களை விலைக்கு வாங்கவும் அந்தக் காசு பயன்பட்டது. “என் மகள் இருபது மூட்டைச் சோழிக்கும் மேலானவள்” என்று பூரித்துப்போய் ஒரு தகப்பன் வைத்த பெயர் அது. அவன் பாசத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பாசத்தைச் சொல்ல அவனுக்குக் கிடைத்த அளவுகோல் காசுதான்.

எமெச்செட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பட்ட துன்பங்களைப் பேசுவார்கள். துன்பங்கள் உண்மைதான், அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் அவருடைய எழுத்தின் உயிர் கையில் அகப்படாது. என் பார்வையில் அவர் வீட்டுக் கணக்கை எழுதிய நாவலாசிரியர். சம்பாதிப்பது யார், சாப்பிடுவது யார், பள்ளிக்கட்டணம் யார் கையிலிருந்து போகிறது, அது யார் பெயரில் வரவாகிறது, படிவத்தில் யாருடைய கையெழுத்து கேட்கப்படுகிறது என்பதையெல்லாம் பென்னி பென்னியாக எழுதி வைத்தவர். இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய வாழ்க்கையும் புத்தகங்களும் ஒன்றாகத் துலங்கும்.

1944 ஜூலை 21 அன்று நைஜீரியாவின் லாகோஸ் நகரில், யாபா பகுதியில் பிறந்தார். பெற்றோரின் சொந்த ஊர் நைஜர் ஆற்றுக்கு மேற்கே உள்ள இபுசா. தந்தை ரயில்வே தொழிலாளி. லாகோஸ் வெள்ளைக்காரன் ஆண்ட நகரம். சம்பளம், கடிகாரம், தேவாலயம், ஆங்கிலப் பள்ளிக்கூடம். இபுசா மண்ணும் உறவும் குலதெய்வமும் உள்ள ஊர். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தந்தை வழி உறவில் மூத்த பெண்மணி ஒருவர் நிலா வெளிச்சத்தில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்வார். தானும் அப்படி ஒரு கதைசொல்லி ஆக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது என்று எமெச்செட்டா பின்னாளில் எழுதினார்.

வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனது தம்பி. பெண்ணுக்கு எதற்கு என்று இவரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ என்ற தன்வரலாற்று நாவலில் இந்தக் கட்டம் வருகிறது. எட்டு வயது நாயகி அடா, அம்மா கவனிக்காத நேரம் பார்த்துச் சிலேட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆசிரியர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத் தானே நடந்து போய் வகுப்பில் நிற்கிறாள். இங்கே பிள்ளையைக் காணோம் என்று ஊரே தேடுகிறது. பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதற்காக அம்மாவைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போய், மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு பெரிய கிண்ணம் நிறையக் குடிக்க வைக்கிறார்கள். பெண் படிக்க ஆசைப்பட்டதற்கான தண்டனையும் வீட்டில் இருந்த இன்னொரு பெண்ணுக்கே போய்ச் சேருகிறது. எமெச்செட்டா இதற்கு விளக்கவுரை எதுவும் சொல்வதில்லை. கிண்ணத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது தந்தை இறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காகப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே சதுப்பு நிலத்தில் பட்ட காயம் ஆறாமல் போனதுதான் காரணம். வழக்கப்படி தாய் இறந்தவரின் சகோதரருக்கு மனைவியானார். சிறுமி லாகோசில் உறவினர் வீட்டில் வேலைக்காரியைப் போல வளர்ந்தார். அந்த நாள்களைச் சொல்லும் ஒரு காட்சியை நாவலிலிருந்து கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

மெதடிஸ்ட் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத்தேர்வு எழுத இரண்டு ஷில்லிங் கட்டணம். அடாவிடம் காசு இல்லை, கேட்டால் கிடைக்கப் போவதும் இல்லை. ஒருநாள் இறைச்சி வாங்கி வரச் சொல்லி அவள் கையில் இரண்டு ஷில்லிங் கொடுக்கிறார்கள். அவள் அதை ஒளித்து வைத்துவிட்டு, வழியில் தொலைந்துபோனது என்கிறாள். ஒரு சொந்தக்காரப் பையன் அவளை அடிக்கிறான். நூறைத் தாண்டியும் அடி விழுகிறது. அவள் உண்மையைச் சொல்வதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் வலி மரத்துப்போகிறது. மனதுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது: இந்த அடிக்கு ஈடாகத் தேர்வுக் கட்டணம் கையில் இருக்கிறது. தேர்வு எழுதினாள், முழு உதவித்தொகையும் பெற்றாள். எமெச்செட்டா படித்ததும் அதே பள்ளியில்தான், உதவித்தொகையில்தான். எழுத்தாளராக விரும்புகிறேன் என்று வகுப்பில் சொன்னபோது, இவ்வளவு கர்வம் ஆகாது, போய்ச் சிற்றாலயத்தில் மன்னிப்புக் கேட்டு வேண்டிக்கொள் என்று ஆசிரியை அனுப்பி வைத்தார் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பதினாறு வயதில் திருமணம். கணவர் மேல்படிப்புக்காக லண்டன் போனார், 1962இல் குழந்தைகளுடன் இவரும் போய்ச் சேர்ந்தார். நாவலில் இந்தப் பயணத்துக்கான பேரம் நுணுக்கமாக வருகிறது. அடா அமெரிக்கத் தூதரக நூலகத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். கணவனின் படிப்புச் செலவையும் மாமியார் வீட்டுச் செலவையும் அந்தச் சம்பளம்தான் தாங்குகிறது. பெண்கள் இங்கிலாந்து போவதை அப்பா விரும்பவில்லை என்று கணவன் சொல்கிறான். அவள் இங்கேயே இருந்து சம்பாதித்து அனுப்பட்டும் என்பதுதான் அதன் பொருள். கணவன் அங்கே படிக்கப் போவது என்ன தெரியுமா? கணக்கியல். தேர்வுகளில் அவன் தேறுவதே இல்லை. வீட்டின் வரவையும் செலவையும் கடைசிவரை சமாளிப்பவள் அடா.

லண்டனில் கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்ற அட்டைகள் ஜன்னல்களில் தொங்கின. ‘இரண்டாந்தரக் குடிமகள்’ என்று அந்தத் தலைப்பைத் தமிழாக்கினால் இனவெறிதான் முதலில் நினைவுக்கு வரும். நாவலைப் படித்து முடித்தால் அடாவை முதலில் இரண்டாந்தரமாக்கியது அவள் பிறந்த வீடு என்பது தெரியும். ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீட்டில் வந்து பிறந்த பெண் என்பதால் அவள் பிறந்த நாளைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. இந்த இரண்டு அநீதிகளையும் ஒரே புத்தகத்தில் சொன்னதற்காக எமெச்செட்டா இரண்டு பக்கத்தாரிடமும் பேச்சு வாங்கினார். வெள்ளையர் முன்னால் நம் ஆண்களை இழிவுபடுத்துகிறார் என்று சொந்தச் சமூகத்திலேயே முணுமுணுத்தார்கள். நான் அவர் பக்கம்தான். அடிபட்டவள் தனக்கு அடி விழுந்த இடத்தைச் சொல்வதற்கு, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தேவையில்லை.

அந்த நாவலில் ஒரு கையெழுத்து வருகிறது. அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு. மூன்றாவது பிரசவத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். இனிப் போதும் என்று அடா குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனைக்குப் போனால், படிவத்தில் கணவன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். லாகோசின் பழைய வழக்கத்தைவிட்டு லண்டனுக்கு வந்தாயிற்று. அவளுடைய கருப்பைக்கு இங்கேயும் கணவனே பொறுப்பாளன். அவள் அந்தக் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். விஷயம் கணவனுக்குத் தெரிந்ததும் அடி, அதைவிட அவமானம்: அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறான், ஊருக்குக் கடிதம் போடுகிறான். எழுத்தாளர் இந்தக் காட்சியை அழாமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் படிக்கும் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்தது எல்லோரும் சொல்லும் சம்பவம். எமெச்செட்டா தன் முதல் நாவலைப் பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதி முடித்தார். நான்கு குறிப்பேடுகள் என்கிறது ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’. கணவர் அதைத் தீயிட்டார். 1966இல் எமெச்செட்டா அவரைவிட்டு வெளியேறினார். அப்போது வயது இருபத்திரண்டு, பிள்ளைகள் ஐந்து.

அந்தத் தீயைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அதற்குப் பிறகு நடந்தது. எரிந்த நாவலை அவர் மறுபடி எழுதினார். 1976இல் ‘தி பிரைட் பிரைஸ்’ என்று வெளிவந்தது. ‘பரிசப்பணம்’ என்று சொல்லலாம். எரிந்துபோன முதல் வடிவத்தில் காதலர்கள் ஊரை மீறிப் போய் நன்றாக வாழ்கிறார்களாம். இரண்டாவது வடிவத்தில் நாயகி இறந்துபோகிறாள். அவள் பெயர் அகுன்னா. அப்பாவின் செல்வம் என்று பொருள். மகள் பிறந்தால் தகப்பனுக்கு ஒரே ஆறுதல் பின்னால் வரப்போகும் பரிசப்பணம்தானே, அதனால் அப்படி ஒரு பெயர். அவள் காதலிக்கும் சிக்கே அடிமை வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். படித்தவர்கள், வசதியானவர்கள், ஆனாலும் ஊர் தீண்ட மறுக்கும் குடும்பம். இருவரும் ஓடிப்போய் மணக்கிறார்கள். பரிசப்பணம் தருகிறோம் என்று அவன் வீட்டார் எவ்வளவு இறங்கி வந்தாலும் அவளுடைய தந்தையின் சகோதரர் வாங்க மறுக்கிறார். பரிசம் கொடுபடாத பெண் பிரசவத்தில் சாவாள் என்பது ஊர் நம்பிக்கை. அகுன்னா அந்த நம்பிக்கையை மீறியவள். ஆனால் அவளுக்குள்ளிருந்து அது வெளியேறவில்லை. பதின்வயது உடல், ஊட்டமில்லை, உள்ளே பயம். சாகிறாள். மனிதர் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவராக இருந்துதான் மனிதராகிறார் என்பது தனக்குப் பிறகுதான் புரிந்தது என்று எமெச்செட்டா சொன்னார். ஊரை மீறுவதற்கு என்ன விலை என்று இருபத்தோரு வயதில் அவருக்குத் தெரியாது. மீறிப் பார்த்தவராக அந்த நாவலை இரண்டாம் முறை எழுதினார்.

ஐந்து பிள்ளைகளுடன் தனியாக வாழ்ந்த அந்த ஆண்டுகள் எப்படிப் போயின என்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலகப் பணி, பின்னர் லண்டன் கல்வி நிர்வாகத்தின் கீழ் இளைஞர் நலப் பணி, இடையில் லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம். பிள்ளைகள் கண்விழிக்கும் முன் விடியற்காலையில் எழுத்து. ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழுக்குத் தன் வாழ்க்கையைச் சிறு கட்டுரைகளாக எழுதி அனுப்பத் தொடங்கினார். அவை தொகுக்கப்பட்டு 1972இல் முதல் புத்தகமான ‘இன் தி டிச்’ ஆயின. அரசு உதவித்தொகையில் வாழும் பெண்கள் குவிந்திருந்த நகராட்சிக் குடியிருப்பு ஒன்றின் கதை அது. சுவரெல்லாம் ஈரம், மாடிப்படியில் நாற்றம், கணவன் இல்லாத தாய்மார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கார ஏழைகள். இதிலும் நாயகி அடாதான். அவர்களோடு சிரிக்கிறாள், கடன் வாங்குகிறாள், சேர்ந்து அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்கிறாள். வறுமை நிறம் பார்க்காமல் பெண்களை ஒரே பள்ளத்தில் தள்ளியிருப்பதை ஒரு நைஜீரியப் பெண் லண்டன்காரர்களுக்கு எழுதிக் காட்டினார். நூல் சிறியது. சில இடங்களில் அவசரமும் தெரிகிறது. ஆனாலும் உதவித்தொகை வாங்குகிறவரை அந்த உதவியே எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை இவ்வளவு உள்ளிருந்து சொன்னவர்கள் குறைவு.

அம்மாவின் கதையைத்தான் 1977இல் ‘தி ஸ்லேவ் கேர்ள்’ ஆக்கினார். எமெச்செட்டாவின் தாய் சிறுமியாக இருந்தபோது, பெற்றோர் இறந்ததும், சொந்த அண்ணனாலேயே விற்கப்பட்டவர். நாவலில் அந்தச் சிறுமி ஒஜெபெட்டா. முன்னே பிறந்த பெண்குழந்தைகள் எல்லாம் தவறிப்போனதால், இவளையாவது சாவு அண்டாதிருக்க வேண்டும் என்று மணிகளும் சோழிகளும் கோத்துக் கட்டி வளர்க்கிறார்கள். நடந்தால் மணி ஒலிக்கும் பிள்ளை. 1918இல் பரவிய விஷக்காய்ச்சலில் பெற்றோர் போய்விடுகிறார்கள். ஊரில் தன் வயது இளைஞர்கள் ஆடும் ஆட்டத்துக்குப் பகட்டாக உடுத்திக்கொள்ள அண்ணனுக்குப் பணம் வேண்டும். ஒனிட்சா சந்தையில் வசதியான ஒரு வியாபாரியம்மாவிடம் எட்டுப் பவுண்டுக்குத் தங்கையை விற்றுவிடுகிறான். அந்த மணிகள் பின்னர் அறுத்து எடுக்கப்படுகின்றன. சாவு தொடாமல் காத்த தாயத்தால் அண்ணனிடமிருந்து காக்க முடியவில்லை.

வளர்ந்து, ஊர் திரும்பி, ஒருவனை மணந்து, பிள்ளை பெற்ற பிறகும் அந்த எட்டுப் பவுண்டு தீரவில்லை. பழைய எசமானியின் மகன் வந்து நிற்கிறான், கணவன் பணத்தைக் கட்டி அவளை மீட்கிறான். அவள் நன்றியோடு அவனைத் தன் புதிய எசமான் என்று அழைக்கிறாள். அடிமைமுறையை ஒழித்துவிட்டோம் என்று பிரிட்டன் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில் முப்பத்தைந்து வயது ஒஜெபெட்டா எசமானை மாற்றிக்கொண்டிருந்தாள் என்பதோடு நாவல் முடிகிறது. இந்த நாவலுக்குத்தான் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ வழங்கிய ஜாக் கேம்பல் விருது கிடைத்தது.

இனி இருபது மூட்டைச் சோழிக்கு வருகிறேன். 1979இல் வந்த ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ - ‘தாய்மையின் இன்பங்கள்’. தலைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நாவலின் கூர்மை கூடும். நைஜீரியப் பெண் எழுத்தின் முன்னோடி ஃப்ளோரா ந்வாப்பா. அவருடைய ‘எஃபுரு’ நாவல் 1966இல் வந்தது. அதன் முடிவில் நாயகி ஏரித்தெய்வம் ஒன்றைக் கனவு காண்கிறாள். அந்தத் தெய்வம் அழகானவள், செல்வம் நிறைந்தவள், ஆனால் தாய்மையின் இன்பத்தை அறியாதவள். அப்படியிருக்க, பெண்கள் ஏன் அவளை வழிபட்டார்கள் என்ற கேள்வியுடன் அந்த நாவல் முடிகிறது. எமெச்செட்டா அந்தச் சொற்களையே எடுத்துத் தலைப்பாக்கி, மறுபக்கத்திலிருந்து கேட்டார்: அந்த இன்பத்தை முழுக்க அறிந்தவளுக்கு என்ன கிடைத்தது?

நு எகோவுக்கு முதல் கணவனிடம் பிள்ளை இல்லை. மலடி என்று ஒதுக்கி வயல்வேலைக்கு அனுப்புகிறார்கள். பிறகு லாகோசில், வெள்ளைக்காரத் துரை வீட்டில் துணி வெளுக்கும் ந்னைஃபேக்கு மனைவியாகிறாள். அவனை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவனைப் பொறுத்துக்கொள்கிறாள். முதல் ஆண்குழந்தை சில வாரங்களில் இறந்துவிட, கார்ட்டர் பாலத்திலிருந்து குதித்துச் சாக ஓடுகிறாள். பின்னால் பிள்ளைகள் வரிசையாகப் பிறக்கிறார்கள். கணவனைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் சிகரெட்டும் விறகும் விற்று, ஒருவேளை சாப்பிட்டு, மகன்களைப் படிக்க வைக்கிறாள்.

இதில் இரண்டு காட்சிகளுக்காகவே நான் இந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பேன். முதலாவது, அடுப்பு வேலைநிறுத்தம். ந்னைஃபேயின் இறந்த அண்ணனின் மனைவி அடாகு, வழக்கப்படி இளையாளாக அதே ஒற்றை அறைக்கு வந்து சேருகிறாள். வீட்டுச் செலவுக்குக் கணவன் கொடுக்கும் பணம் போதவில்லை. சக்களத்திகள் இருவரும் ஒன்றுகூடி, கூடுதல் பணம் வரும்வரை சமைப்பதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். அவனோ வேலை செய்யும் இடத்தில் மற்றவர்களோடு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வருகிறான். பசிப்பது பிள்ளைகளுக்கு. முதலில் இறங்கி வருவது நு எகோ, பெற்ற மனம். தாய்மையே அவளைக் கட்டிப்போட்ட கயிறு என்று விமர்சகர்கள் பத்திகளாக எழுதியதை ஒரு காலி அடுப்பை வைத்து அவர் சொல்லி முடித்துவிட்டார்.

அடாகுவுக்குப் பெண்பிள்ளைகள் மட்டுமே. மகன் இல்லாதவளுக்கு இந்த வீட்டில் பேச்சில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதும் அவள் வெளியேறுகிறாள். வியாபாரம் செய்வேன், ஆண் துணையையும் என் விருப்பப்படி வைத்துக்கொள்வேன், பெண்களைப் படிக்க வைப்பேன் என்கிறாள். ஊர் அவளைத் தூற்றுகிறது. நாவலாசிரியர் தூற்றவில்லை, தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் கதை முடியும்போது நிமிர்ந்து நிற்பவள் அவள்தான்.

இரண்டாவது, நீதிமன்றம். மகள் வேற்றினத்தானான யொரூபா இளைஞன் ஒருவனோடு போய்விட, ந்னைஃபே அரிவாளோடு அந்த வீட்டுக்குப் போய் ஒருவரை வெட்டிக் காயப்படுத்துகிறான். வழக்கில் நு எகோ சாட்சி சொல்கிறாள். பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று வக்கீல் கேட்கிறார். கணவர்தான் என்கிறாள். அவர் போரில் இருந்தபோது? நான் விறகு விற்றுக் கட்டினேன். அப்படியானால் அவர் கட்டுகிறார் என்று எப்படிச் சொல்கிறாய்? அதற்கு அவள் சொல்லும் பதிலின் சாரம் இது: குடும்பத் தலைவர் அவர். வானத்துக் கடவுள் நம்மையெல்லாம் உடைமையாக வைத்திருப்பதுபோல அவர் என்னை உடைமையாக வைத்திருக்கிறார். ஆகவே கட்டணத்தை நான் கட்டினாலும், என்னை உடையவர் அவர் என்பதால், கட்டுவது அவர்தான்.

முதல்முறை படித்தபோது இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனேன். அவள் பொய் சொல்லவில்லை. கணவனைக் காப்பாற்ற நினைத்து, தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கணக்கைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறாள். செலவு அவளுடையது, வரவு அவனுடையது. அந்தச் சாட்சியமே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. அவன் சிறைக்குப் போகிறான், பழி அவள் மேல் விழுகிறது. வேறோர் இடத்தில் அவள் கடவுளிடம் கேட்கிறாள்: யாருக்கும் ஒட்டாகத் தொங்காமல், தன்னளவில் நிறைந்த முழு மனுஷியாக ஒரு பெண்ணை எப்போது படைக்கப் போகிறாய்?

முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தாலும் படிக்கும்போது குறையாது. மூத்த மகன் அமெரிக்காவுக்குப் போகிறான், அடுத்தவன் கனடாவுக்கு. கடிதம் வருவதில்லை. ஓர் இரவு அவள் இபுசாவில் தெருவோரம் படுத்து, கையைப் பிடிக்கப் பிள்ளை இல்லாமல், பேசத் தோழி இல்லாமல், சத்தமின்றி இறந்துபோகிறாள். பிள்ளைகளைச் சேர்ப்பதிலேயே முழுமூச்சாக இருந்ததால் தோழிகளைச் சேர்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. செய்தி கேட்டுப் பிள்ளைகள் வந்து, ஊரே கண்டிராத அளவுக்கு ஆடம்பரமாகச் சடங்கு செய்கிறார்கள். தான் எவ்வளவு நல்ல மகன் என்று ஊருக்குக் காட்ட வாங்கிய கடனை அடைக்க மூத்தவனுக்கு மூன்று ஆண்டுகள் பிடிக்கின்றன. அவள் பெயரில் ஒரு கோயிலும் கட்டுகிறார்கள், பேரப்பிள்ளைகள் மகப்பேறு வேண்டிக்கொள்வதற்காக. வேண்டுகிறவர்களுக்கு அவள் பிள்ளைவரம் தருவதில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. பெண்ணியவாதி என்ற பெயரை அவர் ஏன் அரைமனத்தோடு ஏற்றார்? 1986இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில் அவர் பேசியது நூல்களில் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஆப்பிரிக்கப் பெண்களின் வாழ்க்கையில் நடக்கும் சின்னச் சின்னச் சம்பவங்களைப் பதிவுசெய்கிறேன். அப்படிச் செய்ததற்காகப் பெண்ணியவாதி என்று அழைக்கப்படுவேன் என்று எனக்குத் தெரியாது. அப்படியே ஆனாலும், சிறிய எழுத்தில் எழுதப்படும் ஆப்பிரிக்கப் பெண்ணியவாதி நான், என்றார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது ஓர் அமைப்பின், கொடியின் பெயர். சிறிய எழுத்தில் தொடங்கினால் சாதாரணச் சொல். தமிழ் நெடுங்கணக்கில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லை, அதனால் இந்த வாக்கியம் மொழிபெயர்ப்பில் வழுக்குகிறது. கொடி பிடிக்காத பெண்ணியம் என்று சொன்னால் ஓரளவு ஒட்டும்.

இதை நான் தயக்கமாகப் படிப்பதில்லை. அப்போதைய மேற்கத்தியப் பெண்ணியம் தங்கள் பிரச்சினையை உலகப் பெண்களின் பிரச்சினையாகப் பேசியது. விறகு சுமப்பவளும், ஒரே அறையில் சக்களத்தியோடும் எட்டுப் பிள்ளைகளோடும் படுப்பவளும் அதில் இல்லை. தன் பெண்களைத் தொலைத்துவிட்டு அந்தக் கூட்டத்தில் போய் உட்கார அவர் தயாராக இல்லை. அதே உரையில், குடும்பத்தில் தனக்கு இன்னும் நம்பிக்கை இருப்பதால்தான் குடும்பங்களைப் பற்றி எழுதுவதாகவும், இனி முடியவே முடியாது என்னும் எல்லைவரை குடும்பத்தைக் கட்டிக்காக்கப் போராடும் பெண்களைப் பற்றி எழுதுவதாகவும் சொன்னார். ஐந்து பிள்ளைகளோடு வெளியேறியவர் சொன்ன சொல் இது.

ஓர் இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. பலதார மணத்தில் பெண்களுக்குச் சில அனுகூலங்கள் உண்டு, வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம், படிக்க நேரம் கிடைக்கும் என்ற தோரணையில் அவர் பேசியிருக்கிறார். அவருடைய நாவல்களே அதை ஏற்பதில்லை. அந்த ஒற்றை அறையில் இரவில் இளையாள் பக்கத்தில் கணவன் படுத்திருக்க, தூக்கமில்லாமல் கிடக்கும் நு எகோவை எழுதிய கைதான் அவருடையதும். உரை ஒன்றும் கதை ஒன்றும் சொன்னால் நான் கதையின் பக்கம் போவேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982இல் வந்த ‘டெஸ்டினேஷன் பியாஃப்ரா’ நைஜீரிய உள்நாட்டுப் போரைப் பெண்களின் பக்கமிருந்து சொல்ல முயன்றது. போர்க்களம் ஆண்களின் கதைப் பொருளாகவே இருந்த காலத்தில் துணிச்சலான முயற்சி, ஆனால் பாத்திரங்கள் சில இடங்களில் கருத்தைச் சுமக்கும் பொம்மைகளாகிவிடுகின்றன. நைஜீரியாவின் கலாபார் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அனுபவத்திலிருந்து வந்த ‘டபுள் யோக்’ எளிதில் படிக்கலாம், ஆழம் குறைவு. ‘ஹெட் அபவ் வாட்டர்’ தன்வரலாறு. நாவல்களுக்குப் பின்னால் நின்ற மனுஷியை அதில் பார்க்கலாம். 1994இல் வந்த ‘கெஹிண்டே’ மெல்லிய நூல், இன்னும் பேசப்பட வேண்டியது. லண்டனில் நன்றாகச் சம்பாதித்த பெண் கணவனைத் தேடி ஊர் திரும்பி, அங்கே இரண்டாம் மனைவியைக் கண்டு, மறுபடி லண்டன் வந்து தன் சொந்த வீட்டைத் தன்னுடையது என்று சொல்கிறாள்.

1983இல் ‘கிராண்டா’ இதழ் அறிவித்த இளம் பிரிட்டிஷ் நாவலாசிரியர் பட்டியலில் சல்மான் ருஷ்டி, கசுவோ இஷிகுரோ ஆகியோருடன் அவர் பெயரும் இருந்தது. மகனோடு சேர்ந்து ஒகுகு அஃபோர் என்ற பெயரில் சொந்தப் பதிப்பகமும் நடத்தினார். 2005இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது. 2010இல் பக்கவாதம் தாக்கியது. 2017 ஜனவரி 25 அன்று லண்டனில், 72ஆம் வயதில் காலமானார்.

எதிலிருந்து தொடங்குவது? ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ முதலில். ஆங்கிலம் எளிமையானது, அகராதி அதிகம் தேவைப்படாது. அடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’. அதன் பிறகு ‘தி ஸ்லேவ் கேர்ள்’. மற்றவை உங்கள் விருப்பம்.

‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நூலைத் திறந்ததும் சமர்ப்பணப் பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். ஐந்து பிள்ளைகளின் பெயர்களையும் எழுதி, அவர்கள் பின்னணியில் எழுப்பிய இனிய இரைச்சல் இல்லாமல் இந்தப் புத்தகம் எழுதப்பட்டிருக்காது என்று போட்டிருப்பார்.